புட்டியில் தொலையும் தானியம், பொட்டலத்தில் நுழையும் தானியம்

சனிக்கிழமை இருட்டியதும் புனேயை அடுத்த பிம்ப்ரி கேம்ப் கடைத்தெருவில் இரண்டு பைகளோடு நடப்பவர்கள் நிறையப் பேர். ஒரு பை ‘வைன் ஷாப்’பில் வாங்கியது. மகாராஷ்டிரத்தில் மதுக்கடைக்குப் பெயரே அதுதான். உள்ளே வைன் ஒரு மூலையில் தூசி படிந்து நிற்க, பீரும் விஸ்கியும் ரம்மும்தான் ஓடும். இன்னொரு பை உறைபெட்டி வைத்திருக்கும் கோழிக்கடையில் வாங்கியது: சாசேஜ், சலாமி, நகெட்ஸ், எண்ணெயில் போட்டால் போதும் என்கிற கபாப்.

வீட்டில் ஒருவருக்குக் கோதுமை ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் இந்த இரண்டு பைகளும் இரண்டு கேள்வித்தாள்கள். வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலானவர்கள் தவறான பையைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். விஸ்கி பாட்டிலில் ‘மால்ட்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கை பின்வாங்குகிறது. சாசேஜைப் பார்த்து, “கறிதானே, இதில் எங்கே கோதுமை?” என்று கூடையில் போட்டுவிடுகிறார்கள். நடப்பதோ தலைகீழ். பார்லியாகப் பிறந்த விஸ்கி குவளைக்கு வரும்போது பார்லியின் புரதத்தை வழியிலேயே விட்டுவிட்டு வருகிறது. கோழியாகப் பிறந்த சாசேஜ், ஆலைக்குள் போய் மாவைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. ஒரு பொருளில் குளூட்டன் உண்டா என்று பார்க்க, அது எதிலிருந்து பிறந்தது என்று கேட்டால் போதாது. கடைசியாக அதில் என்ன சேர்த்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

குளூட்டன் என்பது பரோட்டா மாஸ்டருக்கு நன்றாகத் தெரிந்த பொருள்தான். மைதாவை அடித்து வீசும்போது கிழியாமல் இழுபடுகிறதே, அந்த இழுவையைத் தரும் புரதம் அது. கோதுமையிலும், அதன் உறவுக்காரர்களான பார்லியிலும், குளிர்நாட்டுத் தானியமான ரையிலும் இந்த வகைப் புரதங்கள் இருக்கின்றன. அரிசி, மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவற்றில் இல்லை. சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு இந்தப் புரதம் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண் மடிப்புகள் தேய்ந்து மழுங்கிவிடும். வயிற்றுப்போக்கு, மெலிவு, தீராத ரத்தசோகை, குழந்தைகள் வளராமல் நிற்பது என்று அதன் முகங்கள் பல. கோதுமைதான் காரணம் என்று நிறுவியவர் வில்லெம் கரேல் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். 1944-45 குளிர்காலத்தில், போரின் நடுவே அந்த நாட்டில் ரொட்டி கிடைக்காமல் போனபோது, ஊரெல்லாம் பட்டினியில் வாட, இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறின. ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. முன்பே அவருக்கு இருந்த சந்தேகம் அதில் உறுதிப்பட்டது. 1950-இல் ஆய்வேடாக எழுதினார். மாத்திரை மருந்து இன்றுவரை வரவில்லை. சாப்பாட்டிலிருந்து குளூட்டனை விலக்குவதுதான் வைத்தியம்.

தமிழ் வாசகருக்கு இந்த நோய் தூரத்துச் செய்தியாகவே இருந்ததற்குக் காரணம் உண்டு. நாட்டின் மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று, வட இந்தியாவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கும், தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் சீலியாக் இருப்பதாகச் சொன்னது. அதே ஆய்வில் இன்னொரு கணக்கு: வடக்கே ஒருவர் ஒரு நாளில் சாப்பிடும் கோதுமை சராசரியாக 455 கிராம், தெற்கே 25 கிராம். இடையில் இருப்பது வெறும் தூரமன்று, தட்டு. பிம்ப்ரி, கட்கி, தேஹு ரோடு வட்டாரத்துத் தமிழர்கள் தொழிற்சாலை வேலைக்காக அந்தத் தூரத்தைக் கடந்து வந்தவர்கள், அல்லது கடந்தவர்களின் பிள்ளைகள். மகாராஷ்டிரத்துக் கிராமத்தில் சோள பாக்ரியும் கம்பு பாக்ரியும்தான் பழைய சாப்பாடு. ஆனால் தொழிற்சாலை கேன்டீனில் சப்பாத்தி, தெருமுனையில் வடா பாவ், காலையில் டீக்கு பன். இரண்டு தலைமுறையில் தமிழ் வயிறும் கோதுமை வயிறாகிவிட்டது.

எவ்வளவு குளூட்டன் உள்ளே போனால் கெடுதல்? 2007-இல் இத்தாலியில் கார்லோ கட்டாஸி குழுவினர் நடத்திய சோதனையில், தினமும் 50 மில்லிகிராம் வீதம் 90 நாள் உட்கொண்டவர்களுக்குக் குடலின் உட்சுவர் கெட ஆரம்பித்தது தெரிந்தது. ஒரு சப்பாத்தியில் சுமார் இரண்டரை கிராம் குளூட்டன் இருக்கும் என்று கொண்டால், 50 மில்லிகிராம் என்பது அந்தச் சப்பாத்தியை ஐம்பது கிள்ளாகக் கிள்ளினால் ஒரு கிள்ளு. இதையெல்லாம் வைத்துத்தான் உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகாத உணவையே ‘குளூட்டன் இல்லாதது’ என்று சொல்லலாம் என வகுத்தது. நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு, தர ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயும் அதே அளவைத்தான் வைத்திருக்கிறது. 20-க்கு மேல் 100 வரை இருந்தால் ‘குறைந்த குளூட்டன்’.

இந்த அளவை பீர் பாட்டிலில் ஊற்றிப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். பிஸ்கட்டை ஒருவர் ஐம்பது கிராம் தின்பார். பீரை 650 மில்லி குடிப்பார். 20 என்ற எல்லையை ஒட்டிய பீரில் ஒரு பாட்டிலுக்கு 13 மில்லிகிராம். தினமும் நான்கு பாட்டில் இறங்கினால் 52. முத்திரை சரியாகவே இருக்கும். குடல்தான் தாங்காது.

அதுவும் ‘குளூட்டன் இல்லை’ என்ற முத்திரை பெற்ற பீரின் கணக்கு. சாதாரண பீர் பார்லி மால்ட்டில் ஆவது. பார்லியை ஊறவைத்து முளைகட்டி உலர்த்திப் பொடித்து, வெந்நீரில் கரைத்து, ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க விடுகிறார்கள். பெரிய கம்பெனி பீர்களில் செலவு குறைய மக்காச்சோளமோ அரிசியோ கலப்பார்கள். அதனால் குளூட்டன் குறையும், இல்லாமல் போகாது. புனேக்கு இந்த விஷயத்தில் தனிச் சரித்திரம் உண்டு. நாட்டின் முதல் மைக்ரோ ப்ரூவரிகளில் ஒன்றான டூலாலி 2009-இல் இங்கேதான் திறந்தது. அதன் பிறகு ஐ.டி. கூட்டம் குவியும் பக்கமெல்லாம் பெரிய செம்புக் கலங்களைக் கண்ணாடிக்குப் பின்னால் காட்டி பீர் ஊற்றும் இடங்கள் வந்தன. அங்கே அதிகம் விலைபோகும் வகைகளில் ஒன்று ‘வீட் பீர்’. நேர்த் தமிழில் கோதுமை பீர். கலங்கலாக, வாழைப்பழ வாசனையோடு வரும். குளூட்டன் ஆகாதவர் தொடவே கூடாதவற்றில் இதற்கு முதலிடம்.

அண்மைக் காலத்தில் சோளம், கம்பு, கேழ்வரகு போட்ட ‘மில்லட் பீர்’ என்றும் பலகை வைக்கிறார்கள். பெயரைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. பெரும்பாலும் பார்லி மால்ட்டோடு சிறுதானியத்தையும் சேர்ப்பதுதான் வழக்கம். பார்லியை முழுதாக விலக்கிச் செய்வது அபூர்வம். ‘0.0’ என்று ஆல்கஹால் நீக்கி விற்கும் பீரும் அதே பார்லி வயலிலிருந்து வந்ததுதான். நீக்கியது போதையை, புரதத்தை அன்று. நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு ஆற்றித் தரும் ஹார்லிக்ஸிலும் கோதுமையும் பார்லி மால்ட்டும் உண்டு என்பது இந்த இடத்தில் நினைவுக்கு வர வேண்டும்.

வெளிநாடுகளில் இன்னொரு வகை விற்கிறது: பார்லியிலேயே பீர் காய்ச்சி, குளூட்டனை வெட்டும் என்சைம் ஒன்றைச் சேர்த்து, ‘குளூட்டன் நீக்கியது’ என்று விற்பது. விஞ்ஞானிகள் சண்டை போடுவது இதைப் பற்றித்தான். வழக்கமான ஆய்வகச் சோதனை, குளூட்டன் புரதத்தை இரண்டு இடத்தில் பிடித்துத் தூக்கும். இரு காது வைத்த சட்டியைத் தூக்குவது போல. என்சைம் அந்தச் சட்டியை உடைத்துவிட்டால் ஒவ்வொரு ஓட்டிலும் ஒரு காதுதான் மிஞ்சும். சோதனைக்குப் பிடி கிடைக்காது. ‘ஒன்றுமில்லை’ என்று அறிக்கை வரும். ஆனால் குடலுக்கு உடைந்த ஓடும் முழுச் சட்டியும் ஒன்றாகவே படலாம். ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ 2012-இல் 60 பீர்களை நிறைமாலை (மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி) முறையில் அலசியபோது, ‘குறைந்த குளூட்டன்’ என்று விற்றவற்றில் சாதாரண பீருக்கு ஏறக்குறைய நிகராகப் பார்லிப் புரதம் இருந்தது வெளிப்பட்டது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட பீருக்கு வெறுமனே ‘குளூட்டன் இல்லை’ என்று போட அனுமதி கிடையாது. ஆஸ்திரேலியா இன்னும் கறார்: சோதனையில் தட்டுப்படும்படி துளி இருந்தாலும் அந்தச் சொல் கூடாது. ஒரே பாட்டில் ஒரு நாட்டில் பாதுகாப்பானது, இன்னொரு நாட்டில் இல்லை. துபாயிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் வாங்கி வரும் பீரின் முத்திரையைப் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

காய்ச்சி வடித்த சரக்கில் இந்தக் குழப்பம் கிடையாது. உப்புத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு மூடியில் திரளும் துளியை நாக்கில் வைத்தால் கரிக்காது. உப்பு சட்டியோடு தங்கிவிடும். அதேபோல் ஆவியாகி மேலேறுவது ஆல்கஹால். புரதம் அடியிலேயே கிடக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2007-லேயே, தானியத்திலிருந்து வடித்த ஆல்கஹாலுக்கு ஒவ்வாமை எச்சரிக்கை போட வேண்டியதில்லை என்று விலக்களித்தது. அமெரிக்க உணவு மருந்துத் துறையின் 2020 விதியும், வடித்த பொருளில் புரதம் இல்லை என்று காட்டினால் போதும் என்கிறது.

நம் நாட்டு விஸ்கிக்கு இவ்வளவு விளக்கம்கூடத் தேவையில்லை. பாட்டிலின் பின்பக்கத்தைத் திருப்பினால் பலவற்றில் தண்ணீர், எக்ஸ்ட்ரா நியூட்ரல் ஆல்கஹால், கொஞ்சம் மால்ட் ஸ்பிரிட், நிறம், மணம் என்றுதான் இருக்கும். அந்த நியூட்ரல் ஆல்கஹால் கரும்பாலைக் கழிவான மொலாசஸிலிருந்தோ நொய்யரிசி, மக்காச்சோளத்திலிருந்தோ வந்தது. மொலாசஸில் ஆன இந்திய விஸ்கியை ஐரோப்பாக்காரர்கள் விஸ்கி என்று ஒப்புக்கொள்வதே இல்லை. ருசிக்காரர்களுக்கு அது அவமானம். சீலியாக் நோயாளிக்கு அது ஆறுதல். ரம் கரும்பு. மேற்கு மகாராஷ்டிரம் கரும்பு நாடு என்பதால் இங்கே ஆரஞ்சு மணம் போட்டு ‘சந்த்ரா’ என்று விற்கும் மலிவான தேசி சரக்கும் கரும்பின் பிள்ளைதான். குளூட்டனை மட்டும் பார்த்தால் கடையிலேயே சுத்தமான பாட்டில்களில் அதுவும் ஒன்று. எந்த மருத்துவரும் எழுதித் தர மாட்டார்.

வடித்த பிறகு சேர்ப்பதில்தான் கவனம் வேண்டும். மணமூட்டிய வோட்கா, க்ரீம் லிக்கர், டின்னில் வரும் காக்டெய்ல் ஆகியவற்றில் பின்னால் என்ன கலந்தார்கள் என்று பார்த்தே ஆக வேண்டும். சில நாடுகளில் இனிப்பான, பல நிறப் பாட்டில் பானங்களை வோட்கா பெயரில் விற்றாலும் உள்ளே இருப்பது புளித்த மால்ட். ஒரே பெயர், ஊருக்கு ஊர் வேறு அடிப்படை.

தானியமே படாதவை தனி வரிசை. நாசிக் திராட்சை வைன், ஆப்பிளில் புளிக்கும் சைடர், கோவாவின் முந்திரிப் பழ ஃபெனி, தேனில் புளிக்கும் மீட். இந்த மீட் புனேக்காரர்களுக்குப் புதிதன்று. மூன்ஷைன் என்ற மீடரி இந்த ஊரில் தொடங்கியதுதான். தமிழ்நாட்டுக் கள்ளும் இந்த வரிசையில் சேரும்; ஆனால் 1987 முதல் அங்கே அதற்குத் தடை என்பதால் குளூட்டன் ஆராய்ச்சிக்கு முன்னால் போலீஸ் ஆராய்ச்சி வந்துவிடும். பாரில் ஒரு சிக்கல் உண்டு: சைடருக்கும் பீருக்கும் ஒரே குழாய், அரைகுறையாக அலசிய ஒரே கண்ணாடி. பாட்டிலில் அடைத்து வருவதே உத்தமம்.

இனி இரண்டாவது பை.

சுத்தமான கறியில் குளூட்டன் கிடையாது. கோழி, ஆடு, மாடு, பன்றி, மீன் எதிலும் இல்லை. உப்புக்கண்டத்திலும் கருவாட்டிலும் இல்லை. உப்பும் வெயிலும்தான் அங்கே பதப்படுத்துபவை. சிக்கல், கறியை அரைத்த பிறகு தொடங்குகிறது. அரைத்த கறி தண்ணீர் விடும், உதிரும், பொரித்தால் சுருங்கும். ஆலைக்காரர் அதில் மாவையோ ரஸ்க் தூளையோ சோயாப் புரதத்தையோ சேர்த்தால் தண்ணீர் உள்ளேயே தங்கும், துண்டு துண்டாக அழகாக வெட்ட வரும், எடை கூடும், விலை குறையும். பிரிட்டிஷ்காரர்களின் சாசேஜில் ரஸ்க் தூள் பரம்பரையாகவே உண்டு. புனே, கட்கி கன்டோன்மென்ட்களில் வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுச்சென்ற பழக்கங்களில் சாசேஜும் ஒன்று. கோவாக்காரர்களின் சோரிஸ் வேறு வழி. பன்றிக்கறி, மிளகாய், பூண்டு, உப்பு, தென்னங்கள் வினிகர். மணி மாலை போலக் கோத்துப் புகையில் தொங்கவிடுவார்கள். பழைய முறையில் செய்ததில் மாவுக்கு வேலையே கிடையாது.

உறைபெட்டியிலிருந்து ஒரு சிக்கன் சாசேஜ் பொட்டலத்தை எடுத்துத் திருப்பலாம். பனி படிந்திருக்கும்; விரலால் தேய்த்தால் சின்ன எழுத்துகள் தெரியும். எடையில் அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. சிக்கன், தண்ணீர், பிறகு மூன்றாவதோ நான்காவதோ இடத்தில் ‘ரீஃபைண்ட் வீட் ஃப்ளோர்’ அல்லது ‘பிரெட் கிரம்ப்ஸ்’, அல்லது வெறுமனே ‘எடிபிள் ஸ்டார்ச்’. அப்புறம் ஐஎன்எஸ் 451, ஐஎன்எஸ் 250 என்று எண்கள். படிப்பவர்கள் மிரளுவது எண்களைக் கண்டு. முதலாவது பாஸ்பேட், இரண்டாவது நைட்ரைட். இரண்டிலும் குளூட்டன் கிடையாது. சாதுவாக உட்கார்ந்திருக்கும் ‘ஸ்டார்ச்’சைத்தான் விசாரிக்க வேண்டும், அது மக்காச்சோளமாகவும் இருக்கலாம், கோதுமையாகவும் இருக்கலாம். விசாரிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2020 லேபிள் விதிப்படி, குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் ஒவ்வாமைப் பட்டியலில் ‘கன்டெய்ன்ஸ்’ என்று தனியே சொல்லியாக வேண்டும். ‘மே கன்டெய்ன்’ என்றிருந்தால் அதே ஆலையில் அதே இயந்திரத்தில் கோதுமைச் சரக்கும் ஓடுகிறது என்று பொருள். நகெட்ஸ், கட்லெட், பர்கர் பேட்டி விஷயத்தில் படிக்கவே வேண்டாம். மேல்பூச்சே ரொட்டித் தூள்தான். நண்டு என்று விற்கும் ‘க்ராப் ஸ்டிக்’கில் பெரும்பாலும் அரைத்த மீனும் கோதுமை ஸ்டார்ச்சும்.

கறியை விட்டுக் காய்கறிக்குப் போனால் தப்பலாம் என்று நினைப்பவருக்கு சோயா சாப் காத்திருக்கிறது. குச்சியில் சுற்றித் தந்தூரில் வாட்டித் தரும் இந்தப் பஞ்சாபிப் பலகாரம் சோயாவும் மைதாவும் சேர்த்துப் பிசைந்தது. கறி போல நார் நாராகப் பிய்வதே அந்த மைதாப் பசையால்தான். சீன சமையலின் ‘சைவக் கறி’யான செய்டான் இன்னும் நேர்மையானது: அது முழுக்க முழுக்க குளூட்டனே.

லேபிள் உள்ளதைப் படித்துவிடலாம். லேபிள் இல்லாததுதான் பெரும்பாடு. கோழிக்கடையில் மசாலா தடவி வைத்திருக்கும் டிக்கா, ‘பெர்மிட் ரூம்’ எனப்படும் பாரின் சமையலறையில் பொரியும் சிக்கன் லாலிபாப், சில்லி சிக்கன். லாலிபாப்பின் சிவப்பு மேலாடை மைதாவும் கார்ன் ஃப்ளோரும். அதன் மேல் ஊற்றும் சோயா சாஸ் பல வகைகளில் கோதுமையும் சேர்த்துப் புளிக்கவைத்தது. மாவு தொடாத சுட்ட கறி கேட்டாலும், அதன் மேல் தூவும் சாட் மசாலாவில் பெருங்காயம் உண்டு. நாம் வாங்கும் பெருங்காயம் பெரும்பாலும் ‘பந்தானி ஹிங்’ எனும் கூட்டுப் பெருங்காயம். கோந்தோடு கோதுமை மாவோ மைதாவோ சேர்த்துக் கட்டியது. அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, தேடி வாங்க வேண்டும். ஒரு சிட்டிகை சாட் மசாலாவில் வரும் மாவு மிகச் சொற்பம் என்பது உண்மை. ஆனால் தமிழ் வீட்டு சாம்பார், ரசம், மோர், ஊறுகாய் என்று நாள் முழுக்கச் சேரும் பெருங்காயத்தைக் கணக்கில் எடுத்தால் விசாரணையைத் தொடங்க வேண்டிய இடம் பாரைவிட அஞ்சறைப்பெட்டிதான் என்று தோன்றும்.

இன்னொரு கணக்கையும் ஒதுக்கிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ஆல்கஹால் பானங்களை 1988-இலும் பதப்படுத்திய இறைச்சியை 2015-இலும் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்தது. குளூட்டன் இல்லை என்பது ஒரு கேள்விக்கு மட்டுமே பதில். குடல் ஏற்கெனவே புண்பட்டவருக்கு மற்றக் கேள்விகளும் கூடவே வரும். பீர் குடித்தால் வயிறு உப்புகிறது என்று தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டு ஆறு மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போகிறவர்களும் உண்டு. அப்போது ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் குடல் திசுப் பரிசோதனையும் செய்யும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது.

பிம்ப்ரிப் பக்கத்து பாரில் இதையெல்லாம் எப்படிக் கேட்பது? “இஸ்மே குளூட்டன் ஹை க்யா?” என்று கேட்டால் பரிமாறும் பையன் ஒரு நொடிகூட யோசிக்காமல் “நஹி சார்” என்பான். அவனுக்கு அது அஜினமோட்டோ மாதிரி ஏதோ ஒரு ரசாயனம். அனுபவப்பட்டவர்கள் கேள்வியையே மாற்றிவிட்டார்கள். மைதா போடுவீர்களா? சோயா சாஸ் உண்டா? இதே எண்ணெயில் நகெட்ஸ் பொரித்தீர்களா? சமையல்காரருக்குத் தெரிந்த சொற்களில் கேட்டால் பையன் உள்ளே போவான், கதவு ஆடும், கடாய்ச் சத்தத்துக்கு நடுவே இரண்டு வார்த்தை மராத்தி கேட்கும், திரும்பி வந்து, கொஞ்சம் சங்கடத்தோடு, “கோட்டிங்கில் லேசாக மைதா உண்டு சார், எண்ணெயும் ஒன்றுதான். தந்தூரில் தனிக் குச்சியில் போடச் சொல்லட்டுமா?” என்பான்.

சொல்லலாம். சாட் மசாலா வேண்டாம் என்பதையும் சேர்த்து.